உடற்பயிற்சிக்குப் பின் தசையின் ஆற்றல் மீட்சியை எம்ஆர்ஐ ஸ்கேனரில் அளப்பது எப்படி

பெடலை மிதிப்பதை நிறுத்தியதும் தசையின் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) தேவை சட்டென்று ஓய்வு நிலைக்கு இறங்கிவிடும். ஆனால் வேலையின்போது கரைந்த பாஸ்போகிரியேட்டின் (ஏடிபியை உடனுக்குடன் ஈடுசெய்யும் தசையின் கையிருப்பு) இன்னும் குறைந்தேதான் இருக்கும். அதை மறுபடி நிரப்புவதற்கான ஏடிபி, இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய முழுக்க மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே வருகிறது. ஆகவே பாஸ்போகிரியேட்டின் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்று பார்த்தாலே மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஒரே எண்ணாகக் கைக்கு வரும். அந்த எண்தான் மீட்சியின் கால மாறிலி (மீட்க வேண்டியதில் சுமார் 63 சதவீதம் நிரம்ப ஆகும் நேரம்), சுருக்கமாக டவ். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களின் கெண்டைக்காலில் இது பெரும்பாலும் 25 முதல் 40 விநாடிக்குள் இருக்கும்.

இதை அளக்கும் வழி பாஸ்பரஸ்-31 காந்த ஒத்ததிர்வு நிறமாலை. எலியின் காலிலிருந்து எடுத்த தசையில் ஏடிபி, பாஸ்போகிரியேட்டின் முகடுகளை ஆக்ஸ்ஃபோர்டு குழு 1974-இல் காட்டியது. இன்றைக்கு 3 டெஸ்லா ஸ்கேனர், பாஸ்பரஸ் காயில் (சிக்னலை அனுப்பி வாங்கும் கம்பி வளையம்), காந்தத்தில் ஒட்டாத ஒரு பெடல் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஆளை அளந்துவிடலாம். கீழே உள்ளவை கெண்டைக்காலை மனதில் வைத்து எழுதியவை. தொடைக்கும் கொள்கை அதேதான். பெடலும் காயிலின் இடமும் மட்டும் மாறும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்த அளவீடு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஸ்கேனர் அல்ல, பெடல். பயிற்சி குறைவாக இருந்தால் சிக்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. அதிகமாக இருந்தால் தசை அமிலமாகி, டவ் செயற்கையாக நீளும். பல்ஸ் (ரேடியோ அலைத் துடிப்பு) அமைப்புகளில் செலவிடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைப் பயிற்சியின் அளவைச் சரிசெய்வதில் செலவிடுங்கள்.

நிறமாலையில் எது எங்கே

பாஸ்பரஸ்-31 இயற்கையில் 100 சதவீதம் கிடைக்கும் ஐசோடோப். ஆனால் சம எண்ணிக்கை அணுக்கருக்களுக்கு அதன் உணர்திறன், வழக்கமான எம்ஆர்ஐ பயன்படுத்தும் புரோட்டானில் சுமார் 6.6 சதவீதம்தான். அதோடு தசையில் நீர் இருக்கும் அளவை நினைத்தால் பாஸ்பேட் சேர்மங்கள் சொற்பம். அதனால் இங்கே அழகான படம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பகுதியிலிருந்து வரும் சில முகடுகள், அவ்வளவே. அதிர்வெண் ஒரு டெஸ்லாவுக்கு 17.235 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 51.7, 7 டெஸ்லாவில் சுமார் 120.6.

பாஸ்போகிரியேட்டினை 0 பிபிஎம் (அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், கனிம பாஸ்பேட் 4.9 அருகிலும், ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுகளில் காமா −2.5, ஆல்ஃபா −7.5, பீட்டா −16 அருகிலும் வரும். பாஸ்போடைஎஸ்டர் 3 பிபிஎம் அருகே ஒரு சிறு மேடாகத் தெரியலாம். ஓய்வில் பாஸ்போகிரியேட்டின் ஏடிபியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. கனிம பாஸ்பேட் பாஸ்போகிரியேட்டினில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று கூடுதல். ஓய்வு நிறமாலையில் இந்த விகிதங்கள் வெகுவாக விலகியிருந்தால் ஆளைச் சந்தேகிக்கும் முன் ஃபிளிப் கோணத்தையும் (பல்ஸ் காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணம்) செறிவூட்டல் திருத்தத்தையும் (அடுத்த பல்ஸுக்குள் காந்தமாக்கம் முழுக்க மீளாததால் குறையும் சிக்னலைச் சரிசெய்வது) சந்தேகியுங்கள்.

கனிம பாஸ்பேட் முகடு ஒரே இடத்தில் நிற்காது. தசை அமிலமாக ஆக அது பாஸ்போகிரியேட்டினை நோக்கி நகரும். அந்த நகர்விலிருந்தே தசைக்குள் இருக்கும் பிஹெச் கிடைக்கிறது:

பிஹெச் = 6.75 + லாக் [(நகர்வு − 3.27) ÷ (5.63 − நகர்வு)]

இங்கே லாக் 10 அடிமானம், நகர்வு பிபிஎம்-இல். 4.9 என்றால் பிஹெச் 7.10. 4.5 என்றால் 6.79. சில ஆய்வுக் குழுக்கள் 5.63-க்குப் பதில் 5.69 போடுவார்கள். எதைப் போட்டாலும் ஆய்வு முழுவதும் அதையே போடுங்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் இல்லாத வித்தியாசம் முளைக்கும்.

வேண்டிய கருவிகள்

ஸ்கேனரில் பல அணுக்கரு வசதி இருக்க வேண்டும். அதாவது புரோட்டான் அதிர்வெண்ணைத் தாண்டி வேலை செய்யும் அகல அலைவரிசை ஆம்ப்ளிஃபயரும் அதற்கான உரிமமும். எல்லா ஸ்கேனரிலும் இது இருக்காது. காயில் இரட்டை டியூன் செய்யப்பட்டதாக இருந்தால் நல்லது: புரோட்டான் பகுதி இடம் பார்க்கவும் ஷிம் செய்யவும் (காந்தப்புலத்தைச் சமன்செய்யவும்), பாஸ்பரஸ் பகுதி அளக்கவும். கெண்டைக்காலுக்கு 8 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள ஒற்றை வளையப் பரப்புக் காயில் போதும். இது தோராயமாகத் தன் ஆரத்தின் ஆழம் வரைதான் நன்றாகக் கேட்கும். தோலுக்கடியில் கொழுப்பு தடித்த ஆளிடம் சிக்னல் குறைவது இதனால்தான். கொழுப்பு தானாகப் பாஸ்பரஸ் சிக்னல் எதையும் பெரிதாகக் கொடுக்காது, தசையைக் காயிலிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவே.

பெடல் விஷயத்தில் எளிமையே பலம். மரம், பிளாஸ்டிக், நைலான் கயிறு, தடித்த ரப்பர் பட்டை ஆகியவற்றால் செய்ததும் ஓடும்; காற்றழுத்த சிலிண்டர் வைத்ததும் ஓடும். கயிறும் கப்பியும் வைத்து எடையைத் தூக்குவதானால், எடை காந்தத்தில் ஒட்டாததாக இருக்க வேண்டும். மணல் நிரப்பிய பை அல்லது தண்ணீர்க் குடுவை போதும். ஒவ்வொரு திருகையும் ஸ்பிரிங்கையும் அறைக்கு வெளியே கையடக்கக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். அதில் சில வகைகள் ஒட்டும், வளைத்து உருட்டிய இடங்களில் சில ஒட்டத் தொடங்கும்.

விசையை அளக்கும் சென்சார் இருந்தால் அது இன்னொரு தலைவலியையும் கூடவே கொண்டுவரும்: மின்கம்பி ரேடியோ இரைச்சலை அறைக்குள் இழுத்து வரும். கம்பி வடிகட்டிப் பலகை வழியாக மட்டும் உள்ளே வரட்டும். முடிந்தால் ஒளியிழை சென்சார். சோதிக்க எளிய வழி: பல்ஸ் இல்லாமல் வெறும் இரைச்சலை மட்டும் பதிவு செய்யுங்கள், பெடலின் மின்னணுவியல் இயங்கும்போது ஒரு முறை, அணைத்தபின் ஒரு முறை. இரண்டுக்கும் இரைச்சல் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்தத் தசை வேலை செய்கிறது

முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தைக் கீழ்நோக்கி மிதித்தால் காஸ்ட்ராக்னீமியஸ் (கெண்டைக்காலின் மேல்தசை) நன்றாக வேலை செய்யும். முழங்கால் மடங்கியிருந்தால் அந்தத் தசை தளர்ந்து, சுமை அதன் அடியில் உள்ள சோலியஸ் தசைக்குப் போய்விடும். காரணம் எளிது: காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துக் கடக்கிறது, சோலியஸ் கணுக்காலை மட்டும் கடக்கிறது. முழங்காலுக்கடியில் வசதிக்காக வைக்கும் அந்தத் தடித்த தலையணை ஒன்றே ஆய்வைத் திசைமாற்றப் போதும். கால் நேராக, தொடையும் முழங்காலும் பட்டையால் கட்டி, இடுப்பு மேலே நழுவாதபடி தோள்பட்டைக்குப் பிடிமானம் கொடுத்து வையுங்கள். இல்லையென்றால் ஆள் ஒவ்வொரு மிதிக்கும் மேசையில் சில மில்லிமீட்டர் மேலேறுவார். மூன்று நிமிடத்தில் காயில் வேறு தசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காயிலைக் காஸ்ட்ராக்னீமியஸின் உட்பக்கத் தலைக்கு நேர் கீழே, தசை மிகத் தடித்த இடத்தில் வையுங்கள். காயில் நடுவே மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டினால் புரோட்டான் படத்தில் பளிச்சென்று தெரியும். காயில் எங்கே இருக்கிறது என்று பின்னர் வாதிட வேண்டியதில்லை. காயிலைக் காலோடு கட்டுங்கள், மேசையோடு அல்ல. ஆனால் பட்டையை இறுக்கிவிடாதீர்கள். இறுகிய பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், மீட்சி நீளும், நீங்கள் அளப்பது மைட்டோகாண்ட்ரியாவை அல்ல, பட்டையை.

ஆளைத் தயார் செய்தல்

வழக்கமான எம்ஆர்ஐ பாதுகாப்புக் கேள்விகள் எல்லாம் இங்கேயும் உண்டு: பேஸ்மேக்கர், உள்வைப்பு, உடலில் உலோகத் துகள். அதற்கு மேல் உடற்பயிற்சிக்கான கேள்விகள்: இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், காலில் சமீபத்திய இரத்தக் கட்டி. நோயாளிகளை அளக்கும்போது மருத்துவர் ஒருவர் அழைத்தால் வரும் தூரத்தில் இருக்கட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆய்வு நோக்கில் யாரையும் காந்தத்துக்குள் பயிற்சி செய்ய வைக்காதீர்கள்.

முந்தைய ஒன்றிரண்டு நாள் கடினப் பயிற்சி வேண்டாம். கிரியேட்டின் மாத்திரை அல்லது பொடி எடுப்பவரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தசையின் மொத்தக் கிரியேட்டின் கூடியிருந்தால் பின்னால் வரும் செறிவுக் கணக்குகளின் அடிப்படையே மாறும். உள்ளே போகும் முன் வெளியிலேயே பெடலில் ஐந்தாறு மிதிகள் பழக்கிவிடுங்கள். முதல் முறை மிதிப்பவர் தாளத்தைத் தேடிக்கொண்டே முதல் நிமிடத்தைக் கழித்துவிடுவார்.

டியூனிங், ஷிம், பல்ஸ்

காயிலைக் காலோடு சேர்த்த பின்தான் டியூன், மேட்ச் செய்ய வேண்டும். கால் வேறு, காயிலின் மீதான சுமையும் வேறு. ஃபிளிப் கோணத்தை அளக்க, காயில் நடுவில் பாஸ்பேட் கரைசல் அடைத்த சிறு கண்ணாடிக் குமிழை வைத்து, கால் காயில் மேல் இருக்கும் நிலையிலேயே பல்ஸ் வலிமையைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். காலிலேயே அளக்கலாம்தான், ஆனால் பாஸ்போகிரியேட்டினின் டி1 (பல்ஸுக்குப் பின் காந்தமாக்கம் மீளும் நேரம்) 3 டெஸ்லாவில் 6 விநாடிக்கு மேல், ஒவ்வொரு புள்ளிக்கும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஷிம் புரோட்டான் நீர் சிக்னலில். ஸ்கேனரின் தானியங்கி ஷிம் பெரும்பாலும் காலின் முழு வெட்டையும் சமன்செய்யப் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது காயிலுக்கு மேலே உள்ள சில சென்டிமீட்டர் மட்டும். ஷிம் பெட்டியைக் கையால் அங்கே சுருக்குங்கள். பாஸ்போகிரியேட்டினின் அரை உயர அகலம் 3 டெஸ்லாவில் 20 ஹெர்ட்ஸுக்குள் வந்தால் மேற்கொண்டு போகலாம். அகன்ற முகட்டோடு தொடங்கிவிட்டு மென்பொருளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் பிறகும் பார்க்க முடியாமல் போவார்.

கடின பல்ஸ் (குறுகிய, ஒரே உயரமுள்ள பல்ஸ்) 250 மைக்ரோவிநாடி அளவில் இருக்கட்டும். கனிம பாஸ்பேட்டிலிருந்து பீட்டா ஏடிபி வரை சுமார் 21 பிபிஎம், 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 1,090 ஹெர்ட்ஸ். பல்ஸ் நீண்டால் ஓரத்தில் உள்ள பீட்டா சரியாகத் தூண்டப்படாது. ஏடிபியை அளவுகோலாக வைக்கும்போது பீட்டாவை விட்டு காமாவை எடுப்பது பாதுகாப்பு. அது பாஸ்போகிரியேட்டினுக்கு அருகிலேயே இருக்கிறது. பரப்புக் காயிலில் ஆழத்துக்கு ஆழம் ஃபிளிப் கோணம் மாறுவதைச் சமாளிக்க அடியாபாட்டிக் பல்ஸ் உதவும். விலையாக ஆற்றலும் உடல் சூடாகும் வரம்பும் பார்க்க வேண்டியிருக்கும்.

மீள்நேரம் (ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 3 விநாடி, டி1 6.5 விநாடி என்று வைத்தால், அதிகச் சிக்னல் தரும் ஃபிளிப் கோணமான எர்ன்ஸ்ட் கோணம் சுமார் 51 டிகிரி. 2 விநாடியானால் சுமார் 43, 6 விநாடியானால் சுமார் 67. நிறமாலை அகலம் 5,000 ஹெர்ட்ஸ், 2,048 புள்ளிகள், பதிவுக்கு 0.41 விநாடி ஆகும். தொடக்கத்தில் 4 அல்லது 5 வெற்று ஷாட்டுகள் (பதிவு செய்யாத பல்ஸுகள்) விட்டு, காந்தமாக்கம் நிலைபெற்ற பின் பதிவைத் தொடங்குங்கள். ஒருமுறை தொடங்கினால் ஓய்வு, பயிற்சி, மீட்சி மூன்றுக்கும் ஒரே மீள்நேரம், ஒரே ஓட்டம். இடையில் நிறுத்தித் தொடங்கினால் மீட்சியின் மிக விலையுயர்ந்த முதல் விநாடிகளில் செறிவூட்டல் நிலை குலையும்.

ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியே சேமியுங்கள். ஸ்கேனரிலேயே கூட்டிச் சராசரி செய்தால் பின்னர் பிரிக்க முடியாது. தனியே இருந்தால் இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ பிறகு சேர்க்கலாம், ஆள் அசைந்த ஷாட்டை மட்டும் வீசலாம்.

இதைத் தவிர ஒரு முழுத் தளர்வு நிறமாலையும் ஓய்வில் எடுங்கள்: மீள்நேரம் 30 விநாடி அல்லது கூடுதலாக, எட்டு ஷாட்டுகள் போதும். வேகமான நிறமாலைக்கும் இதற்கும் உள்ள விகிதத்திலிருந்து ஒவ்வொரு முகட்டுக்கும் செறிவூட்டல் திருத்தம் கிடைக்கும். டவ் மட்டும் போதும் என்றால் இது தேவையில்லை. செறிவும் பிற கணக்குகளும் வேண்டுமென்றால் இதில்லாமல் முடியாது.

எங்கிருந்து சிக்னல் வருகிறது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். காயிலின் எல்லைக்குள் உள்ள அனைத்தையும் எடுப்பது எளிது, வேகம், சிக்னலும் அதிகம். ஆனால் சோலியஸ் கலந்துவிடும். தளம் தேர்ந்தெடுக்கும் ஒற்றை ஷாட் முறை இதைப் பெரிதும் குறைக்கும். ஐசிஸ் முறைக்கு ஒரு கன அளவைத் தனிமைப்படுத்த 8 ஷாட்டுகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். நடுவில் கால் அசைந்தால் கழித்தல் கெட்டு வெளிப்பகுதிச் சிக்னல் உள்ளே புகும். மாறிக்கொண்டிருக்கும் தசைக்கு அது பொருந்தாது. அரை-லேசர் எனப்படும் பல்ஸ் வரிசை ஒற்றை ஷாட்டில் நல்ல எல்லை தரும். ஏடிபியின் குறுகிய டி2-வும் (சிக்னல் மங்கும் நேரம்) அணுக்கருக்களுக்கு இடையிலான பிணைப்பும் அதில் ஏடிபி முகடுகளைத் தின்றுவிடும். பாஸ்போகிரியேட்டினும் கனிம பாஸ்பேட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்லது.

பயிற்சியின் அளவு

இலக்கு இரண்டு. பயிற்சி முடியும்போது பாஸ்போகிரியேட்டின் 30 முதல் 50 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும், பிஹெச் 6.8-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. இறக்கம் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் இரைச்சலுக்குள் வளைவைப் பொருத்துவது சூதாட்டம். அமிலம் ஏறினால் மீட்சி மெதுவாகும், ஒற்றை எக்ஸ்பொனென்ஷியலுக்கு அடங்காமலும் போகும். அப்படிக் கிடைத்த 60 விநாடியை மைட்டோகாண்ட்ரியாவின் குறை என்று எழுதிவிட்டால் தவறு உங்களுடையது.

எல்லோருக்கும் ஒரே எடை கொடுப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் வலுவற்றவர் அதே எடையில் அமிலமாகிவிடுவார், வலுவானவரின் பாஸ்போகிரியேட்டின் அசையவே செய்யாது. பிஹெச் காப்பாற்றப்படும் வரை டவ், இறக்கத்தின் ஆழத்தைச் சார்ந்ததல்ல. ஆகவே எடையைச் சமப்படுத்துவதை விட்டு இறக்கத்தைச் சமப்படுத்துங்கள். அவரவர் அதிகபட்ச விசையை முதலில் அளந்து, அதில் 25 முதல் 40 சதவீதத்தில், மெட்ரோனோம் தாளத்தில் 2 விநாடிக்கு ஒரு மிதி என்று தொடங்கலாம்.

பயிற்சியின்போது கட்டுப்பாட்டறையில் உட்கார்ந்து நிறமாலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாஸ்போகிரியேட்டின் சரிந்து கனிம பாஸ்பேட் உயர்வது கண்ணுக்கே தெரியும். கனிம பாஸ்பேட் 4.6 பிபிஎம்-ஐத் தாண்டி உள்ளே நகர்ந்தால் பிஹெச் 6.86-க்கு வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு நிமிடம் மிதிக்கவிட வேண்டாம். நிறுத்தச் சொல்லிவிடுங்கள். திட்டமிட்ட 3 நிமிடத்துக்கு முன்பே நிறுத்தியதால் அளவீடு ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே இரண்டு விசித்திரங்கள் புதியவர்களைக் குழப்பும். பயிற்சியின் முதல் சில விநாடிகளில் பிஹெச் சற்று ஏறும். பாஸ்போகிரியேட்டின் உடைவது ஹைட்ரஜன் அயனியை விழுங்குவதால் அப்படி. அதேபோல் நிறுத்தியபின் உடனே பிஹெச் ஏறாது, இன்னும் சற்று இறங்கும். இப்போது பாஸ்போகிரியேட்டின் உருவாவது ஹைட்ரஜன் அயனியை வெளியிடுகிறது. ஆகவே 6.8 என்ற எல்லையைப் பயிற்சி முடிவில் 6.82 என்று தொட்டு நின்றால், மீட்சியில் அது எல்லையைக் கடந்திருக்கும். 6.9 அருகில் நிறுத்துவது பழக்கமாக இருக்கட்டும்.

கடின உழைப்பிலும் பிஹெச் சற்றும் இறங்காத ஆளைப் பார்த்தால் அளவீடு கெட்டது என்று தள்ளிவிடாதீர்கள். தசையில் கிளைக்கோஜன் பாஸ்ஃபாரிலேஸ் நொதி இல்லாத மெக்கார்டில் நோயில் இப்படித்தான் நடக்கும். மனிதரிடம் பாஸ்பரஸ் முறை காட்டிய முதல் நோய்க் கண்டறிதல்களில் ஒன்று இதுவே, 1981-இல்.

ஒரு முழு ஓட்டம்

ஓய்வில் 2 நிமிடம், பயிற்சி 2 முதல் 3 நிமிடம், மீட்சி குறைந்தது 6 நிமிடம். டவ் 35 விநாடி என்றால் 5 டவ் 175 விநாடிதான். ஆனால் டவ் 80 விநாடியாக உள்ள நோயாளியை அளக்கும்போது 6 நிமிடம் போதாது, 8 அல்லது 10 நிமிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு மிதிக்குப் பிறகும் பாதம் அதே தளர்ந்த நிலைக்குத் திரும்ப வேண்டும்; ஷாட் அந்தத் தளர்ந்த கணத்தில் விழ வேண்டும். மெட்ரோனோமை ஸ்கேனரின் மீள்நேரத்தோடு இணைத்தால் இது தானாக நடக்கும்: 2 விநாடி மீள்நேரமானால் 2 விநாடிக்கு ஒரு மிதி, 3 விநாடியானால் 1.5 விநாடிக்கு ஒரு மிதி. அல்லது ஸ்கேனர் எழுப்பும் சத்தத்தையே தாளமாகப் பயன்படுத்தி, சத்தம் கேட்டதும் மிதிக்கச் சொல்லலாம்.

நிறுத்தும் கட்டளை ஒரே சொல்லாக இருக்கட்டும், முன்கூட்டியே பழக்கியதாக. நிறுத்தியபின் பாதத்தை நீட்டவோ சொடக்கவோ கூடாது என்றும் சொல்லிவையுங்கள். எல்லோரும் இயல்பாக அதைத்தான் செய்வார்கள். விசைப் பதிவில் கடைசி மிதி எப்போது என்று பாருங்கள். பெரும்பாலானோர் கட்டளைக்குப் பின் ஒரு மிதி கூடுதலாகப் போடுவார்கள். எக்ஸ்பொனென்ஷியல் வளைவின் நல்ல குணம், தொடக்க நேரம் சற்றுத் தள்ளிப்போனாலும் டவ் மாறாது. ஆனால் பயிற்சியின்போது எடுத்த ஒரு புள்ளி மீட்சிக்குள் நுழைந்துவிட்டால் டவ் நீளும். சந்தேகமென்றால் முதல் புள்ளியை விட்டுவிடுங்கள்.

10 நிமிட ஓய்வுக்குப் பின் இன்னொரு ஓட்டம் எடுக்க நேரம் இருந்தால் எடுங்கள். இரண்டு டவ்களும் ஒத்துப்போனால் மனம் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் எதை நம்பக் கூடாது என்றாவது தெரியும்.

நிறமாலையிலிருந்து எண்ணுக்கு

முகடுகளைப் பொருத்த ஜேஎம்ஆர்யூஐ மென்பொருளில் அமரெஸ் முறை பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு முன்னறிவு கொடுக்க வேண்டும்: காமாவும் ஆல்ஃபாவும் இரட்டை முகடு, பீட்டா மும்முகடு, பிணைப்பு மாறிலி 16 முதல் 18 ஹெர்ட்ஸ், ஒரே குழுவின் முகடுகளுக்கு ஒரே அகலம். பல்ஸுக்கும் பதிவுத் தொடக்கத்துக்கும் இடையே உள்ள தாமதத்தைச் சரியாக உள்ளிடுங்கள். இல்லாவிட்டால் அடிக்கோடு அலைபாயும். அழகுக்காகப் போடும் மழுப்பல் வடிகட்டியைப் படம் போட வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தும் தரவில் வேண்டாம்.

ஒவ்வொரு நிறமாலையிலும் பாஸ்போகிரியேட்டினை 0-வுக்கு நகர்த்துவது அவசியம். கால் சற்று நகர்ந்தாலே காந்தப்புலம் மாறி எல்லா முகடுகளும் ஒன்றாகத் தள்ளிப்போகும்.

மீட்சிக்கான சமன்பாடு: பாஸ்போகிரியேட்டின் அளவு = முடிவு அளவு + மீட்ட அளவு × (1 − எக்ஸ்ப் (−நேரம் ÷ டவ்)). இங்கே முடிவு அளவு என்பது பயிற்சி முடிந்த கணத்தின் அளவு. மூன்று அறியாதவை, மூன்றையும் சுதந்திரமாக விடுங்கள். மீட்சி போய்ச் சேரும் உச்சத்தைப் பயிற்சிக்கு முந்தைய ஓய்வு அளவோடு கட்டிவைத்தால், காயில் சற்று நகர்ந்திருந்தாலும் அந்தப் பிழை முழுக்க டவ்வுக்குள் இறங்கும். பொருத்தியபின் எச்சத்தை (தரவுக்கும் வளைவுக்கும் உள்ள வித்தியாசத்தை) பாருங்கள்: புள்ளிகள் கோட்டின் இருபுறமும் சிதறினால் சரி. முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வளைந்தால் அமிலம் அல்லது இரண்டு தசைகளின் கலப்பு.

ஏடிபியை 8.2 மில்லிமோலார் என்று எடுத்துக்கொண்டால் மற்றவை விகிதத்தில் வந்துவிடும். ஓய்வில் பாஸ்போகிரியேட்டின் 33 மில்லிமோலார், மொத்தக் கிரியேட்டின் 42.5 என்று வைப்போம். ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் எஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட் நிறமாலையில் நேரடியாகத் தெரியாது: அதைக் கிரியேட்டின் கைனேஸ் நொதியின் சமநிலையிலிருந்து கணக்கிடுகிறோம். சமநிலை மாறிலி 1.66 × 10-இன் 9-ஆம் அடுக்கு, மோலாரின் தலைகீழ் அலகில். தனிக் கிரியேட்டினையும் ஏடிபியையும் பெருக்கி, பாஸ்போகிரியேட்டின், ஹைட்ரஜன் அயனி, மாறிலி மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். ஓய்வில், பிஹெச் 7.05-இல், சுமார் 16 மைக்ரோமோலார் வரும். பாஸ்போகிரியேட்டின் 40 சதவீதம் இறங்கி 19.8 ஆகி, பிஹெச் 6.95 ஆனால் சுமார் 50.

டவ்விலிருந்து அதிகபட்ச ஆக்சிஜனேற்றத் திறனுக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எளிய நேர்கோட்டு மாதிரியில் ஓய்வுப் பாஸ்போகிரியேட்டினை டவ்வால் வகுத்தால் முடிந்தது: 33 ÷ 35, விநாடிக்கு 0.94 மில்லிமோலார், நிமிடத்துக்கு சுமார் 57. அடினோசின் டைபாஸ்பேட் மாதிரியில் தொடக்க வேகத்தை எடுக்க வேண்டும்: 13.2 ÷ 35, நிமிடத்துக்கு 22.6, அதை (1 + 30 ÷ 50)-ஆல் பெருக்கினால் சுமார் 36. அந்த 30, மைக்ரோமோலாரில் உள்ள மைக்கேலிஸ் மாறிலி, அதாவது வேகம் உச்சத்தில் பாதியாகும் அடினோசின் டைபாஸ்பேட் செறிவு. ஒரே கால், ஒரே தரவு, 57-உம் 36-உம்! இரு மாதிரிகளில் வந்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. டவ்வை எப்போதும் தனியே எழுதிவிடுங்கள். அதற்கு எந்த மாதிரியும் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

கனிம பாஸ்பேட் முகடு இரண்டாகப் பிளந்தால், வேலை செய்த தசையும் செய்யாத தசையும், அல்லது வெவ்வேறு பிஹெச் உள்ள இழைத் தொகுதிகளும் ஒன்றாக உள்ளே இருக்கின்றன. ஒற்றை முகடாகப் பொருத்திச் சராசரி பிஹெச் எழுத வேண்டாம். இரண்டு முகடுகளாகப் பொருத்தி இரண்டையும் எழுதுங்கள், அடுத்த ஆளுக்குக் காயிலையும் தளத்தையும் மாற்றுங்கள்.

மீட்சியின் பிற்பகுதியில் கனிம பாஸ்பேட் காணாமல் போவது பழுதல்ல. அது ஓய்வு அளவுக்கும் கீழே இறங்கிப் பிறகு ஏறும். அந்த இடைவெளியில் பிஹெச் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். பல ஷாட்டுகளைச் சேர்த்து அளவிடுங்கள், அல்லது அந்த இடத்தை வெற்றாக விடுங்கள்.

எல்லா முகடுகளும், ஏடிபி உட்பட, பயிற்சி தொடங்கியதும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தசை காயிலிலிருந்து விலகியிருக்கிறது. மிதமான பயிற்சியில் ஏடிபி ஏறக்குறைய மாறாது. அதனால் அதுவே உள்ளிருக்கும் சாட்சி. பாஸ்போகிரியேட்டின் மட்டும் குறைந்து கனிம பாஸ்பேட் அதே அளவு கூடினால் வேதியியல். எல்லாம் சேர்ந்து குறைந்தால் இயக்கம்.

டவ் நீண்டிருந்து, பிஹெச்சும் நன்றாக இருந்தால், இரத்த ஓட்டத்தை நினையுங்கள். கால் தமனி அடைப்புள்ளவரிடம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராததே மீட்சியை இழுக்கும். இந்த முறை தனியாக இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

பாஸ்பரஸ் காயில் இல்லாதவர்களுக்கு

சாதாரணப் புரோட்டான் காயிலிலேயே கிரியேட்டினைப் பார்க்கும் வழி உண்டு: செஸ்ட் எனப்படும் வேதிப் பரிமாற்றச் செறிவு மாற்றம். கிரியேட்டினின் அமீன் புரோட்டான்கள் நீரிலிருந்து சுமார் 1.8 பிபிஎம் தள்ளி உள்ளன, நீரோடு வேகமாக இடம் மாறிக்கொள்கின்றன. அவற்றை ரேடியோ அலையால் செறிவூட்டினால் நீர் சிக்னல் சற்றுக் குறையும். பாஸ்போகிரியேட்டினின் பரிமாற்றம் மெதுவானது, அங்கே அதன் பங்கு சிறிது. பாஸ்போகிரியேட்டின் உடைந்தால் கிரியேட்டின் அதே அளவு கூடுவதால், பயிற்சிக்குப் பின் செஸ்ட் சிக்னல் உயர்ந்து எக்ஸ்பொனென்ஷியலாக இறங்கும். பரிசு என்னவென்றால் படம்: எந்தத் தசை உழைத்தது, எது சும்மா இருந்தது என்று தசை தசையாகத் தெரியும்.

எடுக்க வேண்டியவை +1.8-இலும் −1.8-இலும் செறிவூட்டிய படங்கள். இரண்டின் வித்தியாசத்தை −1.8 படத்தால் வகுத்தால் சதவீதம் வரும். ஒரு இணைக்கு 20 முதல் 30 விநாடி கணக்கு வையுங்கள். காந்தப்புல வரைபடமும் ரேடியோப் புல வரைபடமும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 3 டெஸ்லாவில் 1.8 பிபிஎம் என்பது சுமார் 230 ஹெர்ட்ஸ்தான். புலம் சிறிது நகர்ந்தாலும் நீரையே நேரடியாகச் செறிவூட்டிவிடுவீர்கள். 7 டெஸ்லாவில் அது சுமார் 536 ஹெர்ட்ஸ், இந்த முறை அங்கே பிறந்து வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொழுப்பை அடக்குங்கள், இல்லையென்றால் தசை ஓரங்களில் போலி மாற்றம் வரும்.

பரிமாற்ற வேகம் பிஹெச்சைச் சார்ந்தது; பிஹெச்சை இந்த முறை தனியே சொல்லாது. ஆகவே இங்கே பயிற்சியை இன்னும் மிதமாக வைக்க வேண்டும். கிடைக்கும் சதவீதத்தை மில்லிமோலாராக மாற்றாமல், மீட்சி நேரமாகவே எழுதுங்கள். நிறுத்தியபின் பாதம் 2 மில்லிமீட்டர் திரும்பினாலும் கழித்தலில் தசை எல்லைகள் வெள்ளைக் கோடாக எழும்பும். குதிகாலை நுரைத் துண்டால் இறுக்கிப் பிடித்து, பயிற்சிக்கு முந்தைய படத்தோடு ஒவ்வொரு படத்தையும் பொருத்திய பிறகே வளைவைப் பொருத்தத் தொடங்குங்கள்.